அத்தை போட்ட நிபந்தனைகள்

போன வாரம்தான் செமஸ்டர் தேர்வு முடிந்தது. இது ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். தள்ளிப்போட்டதற்கு என் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. இதில் என் அத்தையின் கதை வருகிறது. அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். இப்போது அனுமதி கிடைத்துவிட்டது, சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரைதான், பொறுமையாகப் படியுங்கள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். சிகிச்சையின்போது ஒருநாள் டாக்டர், "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அத்தை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க சித்திக்கு மார்ல கட்டி இருந்துச்சு. ஆனா யாரும் வெளிய சொன்னதில்ல" என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். சின்னப் பாட்டி 'உடம்பு சரியில்லாமல்' இறந்துபோனதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். படித்த பிள்ளை என்பதால் கூடப் போய் ஃபாரம் நிரப்பும் வேலை எனக்கு. (பி.காம் படித்தால் வீட்டில் எல்லா ஃபாரமும் நாம்தான் நிரப்ப வேண்டும். இது எழுதப்படாத சட்டம்.) நாலு பக்க ஃபாரம், முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. பரிசோதனை போக மீதமுள்ள ரத்தத்தையும் தகவலையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கவுன்ட்டரில் இருந்தவர், "இங்க டிக் பண்ணி, இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார். எந்தக் கட்டத்தில் டிக் பண்ணுவது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விரல் 'ஆம்' மேல்தான் இருந்தது.

அத்தைக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"ஆராய்ச்சிக்குத் தாராளமா எடுத்துக்கட்டும் பாப்பா. நாலு பேருக்கு நல்லது நடந்தா சரி. ஆனா உங்க மாமா வீட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சின்னவ கல்யாணம் முடியட்டும். என் நாத்தனாருக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா அவ்வளவுதான். இத எந்தக் கட்டத்துல எழுதுவ?"

எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது அவ்வளவுதான். நோயாளியின் விருப்பம் என்பது ஆம் அல்லது இல்லை அல்ல. யாருக்கு, எதற்கு, எதுவரை என்பதுதான் விருப்பம். அதைக் கேட்காத சம்மதம் வெறும் கையெழுத்து.

ஒருவர் ரத்தம், எத்தனை பேர் ரகசியம்?

முதலில் மரபணுத் தகவல் மட்டும் ஏன் தனி என்று பார்த்துவிடுவோம். எனக்குத் தெரிந்த அளவில் எளிமையாகச் சொல்கிறேன். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. 1990களின் நடுவில் அடையாளம் காணப்பட்டவை. டிஎன்ஏவில் சேதம் வந்தால் பழுதுபார்ப்பது இவற்றின் வேலை. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் மார்பகப் புற்றுநோயும் கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிக அதிகம். இந்தப் பழுது ஆண்கள் மூலமாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்பாவிடமிருந்து மகளுக்கு வரலாம்.

சர்க்கரை அளவு எவ்வளவு என்ற ரிப்போர்ட் அத்தையைப் பற்றியது. மரபணு ரிப்போர்ட் அப்படியில்லை. அத்தைக்கு அந்தப் பழுது இருந்தால், கூடப்பிறந்த என் அப்பாவுக்கும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தால் எனக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அதாவது எனக்கு நாலில் ஒன்று. புள்ளியியல் பேப்பரில் நாணயம் சுண்டிச் சுண்டிப் போட்ட கணக்குதான். ஆனால் அன்று அந்த லேப் வாசலில் உட்கார்ந்து போட்டபோது கை கொஞ்சம் நடுங்கியது.

அப்படியானால் கேள்வி இப்படி ஆகிறது: அத்தை 'யாருக்கும் சொல்லாதே' என்றால் அது அத்தையின் விருப்பம். சரி. ஆனால் அதில் என் பங்கு என்ன? அப்பாவின் பங்கு என்ன? இதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் நான் படிக்கும் காமர்ஸ் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வரலாம்.

திவாலானால் எச்சில் யாருக்கு?

கம்பெனியின் சொத்துகளை எழுதும்போது கண்ணுக்குத் தெரியும் சொத்து, தெரியாத சொத்து என்று பிரிப்போம். கட்டடம், இயந்திரம் முதல் வகை. நற்பெயர், காப்புரிமை, வணிகச் சின்னம் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையில் மனிதர்களின் எச்சிலையும் சேர்க்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனம்.

2006ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் உங்கள் மூதாதையர் யார், என்னென்ன நோய்க்கு வாய்ப்பு என்று சொல்வார்கள். சுமார் 1.5 கோடிப் பேர் அனுப்பினார்கள். அவர்களில் ஐந்தில் நாலு பேர் ஆராய்ச்சிக்குச் சம்மதம் தந்தவர்கள் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லி வந்தது. 2018ல் கிளாக்ஸோ மருந்துக் கம்பெனி 30 கோடி டாலர் முதலீடு செய்து அந்தத் தகவல்களை வைத்து மருந்து தேடக் கூட்டுச் சேர்ந்தது.

2025 மார்ச்சில் 23அண்ட்மீ திவால் மனு கொடுத்தது. கடன்காரர்களுக்குக் கொடுக்க அந்தக் கம்பெனியிடம் இருந்த பெரிய சொத்தே இந்த மனிதர்களின் தகவல்தான். ஏலம் நடந்தது. ஒரு மருந்துக் கம்பெனி 25.6 கோடி டாலர் கேட்டது. கடைசியில் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரே தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலைக்குச் சுமார் 20 டாலர்.

இதில் நான் கவனித்தது வேறு. ஏலம் என்ற செய்தி வந்ததும் சுமார் 19 லட்சம் பேர் 'என் தகவலை அழித்துவிடுங்கள்' என்று கேட்டார்கள். எல்லோரும் ஒருகாலத்தில் தாங்களாகவே பணம் கட்டித் துப்பி அனுப்பியவர்கள்தான். ஆராய்ச்சிக்கு ஆம் என்று டிக் அடித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்கள் மனம் மாறிவிட்டதா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்கள் ஒரு ஆளை நம்பிக் கொடுத்தார்கள். ஆள் மாறப் போகிறது என்றதும் திருப்பிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போனால், வாங்கியவரிடம் நம் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாரா?

இன்னொன்று. 2023ல் இதே கம்பெனியில் தகவல் திருட்டு நடந்தது. திருடர்கள் உள்ளே நுழைந்தது சுமார் 14 ஆயிரம் கணக்குகளில் மட்டும், அதுவும் வேறு இடங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்து. ஆனால் 'உங்கள் உறவினர்களைக் கண்டுபிடியுங்கள்' என்ற வசதி வழியாக 69 லட்சம் பேரின் தகவல்களை எட்டிவிட்டார்கள். யாரோ ஒரு தூரத்து ஒன்றுவிட்ட சகோதரன் எளிதான பாஸ்வேர்டு வைத்தான் என்பதற்காக நம் வீட்டுக் கதவும் திறந்துகொள்கிறது. ஒருவர் ரத்தம் ஒருவருடையது மட்டுமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஐஸ்லாந்தில் ஒரு மகள்

இந்தச் சண்டையை நமக்கெல்லாம் முன்னாலேயே போட்டுப் பார்த்த நாடு ஐஸ்லாந்து. மொத்த ஜனத்தொகையே அப்போது மூன்று லட்சத்துக்கும் குறைவு. எல்லோருடைய வம்சாவளியும் பல நூற்றாண்டுகளுக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கும் நாடு. 1996ல் அங்கே டீகோட் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. நாட்டு மக்கள் எல்லோருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஒரே கிடங்கில் சேர்த்து ஆராய்ச்சி செய்யலாம் என்றது. 1998 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு ஒரு சட்டமே போட்டது. யாரையும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டாம். வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். சுமார் 20 ஆயிரம் பேர் விலகினார்கள்.

ஆனால் இறந்தவர்கள்? அவர்கள் எழுந்து வந்து எழுதிக் கொடுக்க முடியாதே. ஒரு மகள், இறந்துபோன தன் அப்பாவின் மருத்துவக் குறிப்புகளைக் கிடங்கில் சேர்க்கக்கூடாது என்று கேட்டாள். அரசாங்கம் முடியாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பரில் தீர்ப்பு. அப்பாவின் பரம்பரைக் குணங்களிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும், அதனால் மகளுக்கு இதில் சொந்த உரிமை இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். அந்தக் கிடங்கு கடைசிவரை கட்டப்படவே இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அதே டீகோட், அதன்பிறகு ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு ரத்தம் வாங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தது. கேட்டபோது மக்கள் கொடுத்தார்கள்! நாட்டின் வயதுவந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். (2009ல் டீகோடும் திவாலானது, 2012ல் ஆம்ஜென் என்ற அமெரிக்கக் கம்பெனி 41.5 கோடி டாலருக்கு வாங்கியது என்பது தனிக்கதை. மரபணுக் கம்பெனிகளுக்கும் திவாலுக்கும் என்ன ராசியோ.)

இத்தனை பேர் ரத்தம் கையில் இருந்ததால் யாருக்கு பிஆர்சிஏ2 பழுது இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. போன் போட்டு எச்சரிக்கலாம் என்றார் கம்பெனியின் தலைவர். உயிர் காக்கும் விஷயமாயிற்றே என்பது அவர் வாதம். ஆராய்ச்சிக்கென்று கொடுத்தவர்களிடம், கேட்காத செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்ல முடியாது என்பது எதிர்வாதம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு உரிமை என்றார்கள். வருடக்கணக்கில் இழுத்து, 2018ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒரு இணையதளத்தில் தானே வந்து கேட்கலாம். கேட்டால் மட்டும் சொல்வார்கள். பல்லாயிரம் பேர் கேட்டார்கள்.

இது சரியான வழி என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கேட்க வராதவர்களில் யாரோ ஒரு பெண் புற்றுநோயில் இறந்திருக்கலாம். ஆனால் குறைந்தபட்சம் அங்கே அந்தக் கேள்வியையாவது கேட்டார்கள்.

கொடுக்கவே மாட்டேன் என்றால்?

இவ்வளவு படித்ததும் 'அப்படியானால் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் இருப்பதே உத்தமம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டாக்டர்தான் அதை மாற்றினார்.

பரிசோதனைக்கு முன்னால் அவர் எங்களுக்கு ஒன்று சொன்னார். முடிவு இரண்டு விதமாக அல்ல, மூன்று விதமாக வரலாம். பழுது இருக்கிறது, இல்லை, அல்லது 'ஏதோ மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை'. இந்த மூன்றாவதுதான் மனிதரைப் பைத்தியமாக்கும். இது ஏன் வருகிறது? உலகத்தில் இதுவரை சேர்த்த மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம்மிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு மாற்றம் அந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லாததால் 'தெரியவில்லை' என்று வருகிறது. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் தகவல் கொடுத்தால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10 ஆயிரம் பேரின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 140 கோடி பேர் உள்ள நாட்டில் அது ஒரு தொடக்கம்.

ஆக, கொடுக்காமல் இருப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் நாமாக இருக்க மாட்டோம், பின்னால் வரும் வேறொரு அத்தையாக இருப்பார்.

உண்மையில் மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை, சொல்லாமல் எடுப்பதைத்தான் வெறுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2021ல் குடும்ப டாக்டர்களிடம் உள்ள குறிப்புகளை எல்லாம் மத்தியில் சேர்க்கத் திட்டம் போட்டார்கள். மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்ததும் சில வாரங்களிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2016ல், வெல்கம் அறக்கட்டளைக்காக அங்கே ஒரு ஆய்வு நடத்தியிருந்தார்கள். மருத்துவத் தகவலை வியாபார நிறுவனங்களுக்குக் கொடுப்பது பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. மக்கள் கேட்டது நாலே கேள்வி. எதற்கு? யார்? என்ன தகவல்? எப்படிப் பாதுகாப்பீர்கள்? பொதுநன்மை இருந்தால் பலரும் ஒத்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸுக்கும் விளம்பரத்துக்கும் என்றபோது முகம் சுளித்தார்கள். 22 நாடுகளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2020ல் வெளியான இன்னொரு ஆய்விலும் இதே ராகம்தான். டாக்டருக்குக் கொடுக்கலாம், லாபக் கம்பெனிக்கு யோசிக்கணும்.

அத்தை எந்த ஆய்வையும் படிக்கவில்லை. ஆனால் அவரும் இதையேதான் சொன்னார். ஒரே வித்தியாசம், அங்கே பயம் இன்சூரன்ஸ் கம்பெனி. இங்கே பயம் நாத்தனார். சிரிக்காதீர்கள், உண்மையாகச் சொல்கிறேன். முகம் தெரியாத விஞ்ஞானி நம்மை என்ன செய்துவிடப் போகிறார்? பெண் பார்க்க வருகிறவர்கள் 'அந்தக் குடும்பத்துல ஏதோ பரம்பரை வியாதியாம்' என்று போய்விட்டால் அதை யார் நஷ்டஈடு தருவார்கள்? வெள்ளைக்காரர்கள் தயாரித்த சம்மத ஃபாரங்களில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. அதைக் காப்பி அடித்து நாம் வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் என்ன நிலைமை?

என் சொந்த அனுபவம் ஒன்று. போன வருடம் ஒரு லேபில் சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். செல்போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். ஓடிபி கேட்டார்கள், அதையும் சொன்னேன். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நாலே நாளில் தைராய்டு மருந்து வேண்டுமா, உடல் எடை குறைக்க வேண்டுமா, ஹெல்த் இன்சூரன்ஸ் போடுகிறீர்களா என்று வரிசையாக போன். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தைராய்டு என்று குறிப்பாக எப்படித் தெரிந்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். சம்மதம் என்பது சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் விவரம் தெரிந்தும் தரப்பட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது சட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்ற பகுதி. அத்தையின் நாலு பக்க ஆங்கில ஃபாரத்தை நினைத்துக்கொண்டேன்.

பிடிக்காததும் ஒன்று உண்டு. 2019ல் வந்த மசோதாவில் உடல்நலத் தகவல், மரபணுத் தகவல் எல்லாம் 'கூருணர்வுத் தகவல்' என்று தனி வகையாக இருந்தன. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. பீட்சா ஆர்டர் செய்த விலாசமும் பிஆர்சிஏ ரிப்போர்ட்டும் ஒரே தட்டில்.

இன்சூரன்ஸ் பக்கம் பார்த்தால், பரம்பரை இதயநோய் உள்ள ஒருவருக்கு 'மரபணுக் கோளாறு' என்று காரணம் சொல்லிப் பணம் தர மறுத்த வழக்கில், 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படி மொத்தமாக விலக்குவது பாரபட்சம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அமெரிக்காவில் 2008லேயே மரபணுவை வைத்து வேலையிலும் ஹெல்த் இன்சூரன்ஸிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று தனிச் சட்டம் போட்டார்கள். (அதிலும் ஆயுள் காப்பீடு சேரவில்லை.) நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், யாருக்கு, எதுவரை என்று கேட்கும் தொழில்நுட்பம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2021ல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் வடிவமைப்பில், எந்தக் காலத்து ரிப்போர்ட்டை, என்ன காரணத்துக்கு, எத்தனை நாளுக்குக் காட்டலாம் என்று நோயாளியே குறித்துக்கொடுக்க முடியும். பிறகு ரத்தும் செய்யலாம். கருவி இருக்கிறது. கவுன்ட்டரில் "ஓடிபி சொல்லுங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேச நேரமில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு யார் சொல்வது?

பாதியில் விட்ட கேள்விக்கு வருகிறேன். அத்தை யாருக்கும் சொல்லாதே என்றார். அப்பாவுக்கும் சேர்த்துத்தான். எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு இதை மறைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு வந்திருக்கிறது. ஒரு தந்தைக்கு ஹன்டிங்டன் நோய். பிள்ளைகளுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்புள்ள, குணப்படுத்த முடியாத மூளை நோய். கர்ப்பமாக இருந்த மகளிடம் சொல்ல வேண்டாம் என்று தந்தை சொல்லிவிட்டார். டாக்டர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு தற்செயலாகத் தெரிந்து, பரிசோதித்தால் மகளுக்கும் அதே பழுது. 2020ல் நீதிமன்றம், நோயாளியின் ரகசியத்தையும் உறவினரின் நலனையும் டாக்டர்கள் எடைபோட்டுப் பார்க்கும் கடமை உண்டு என்றது. ஆனால் இந்த வழக்கில் டாக்டர்கள் எடைபோட்டுத்தான் முடிவெடுத்தார்கள் என்று மகளின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. படித்துவிட்டு அந்த மகளுக்காக எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தந்தையாக என்னால் நினைத்துப் பார்க்கவும் முடிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

நான் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்து மூடினேன். கடைசியில் அத்தையிடமே போனேன். "அத்தை, இது உங்க ரத்தம் மட்டும் இல்ல, அப்பா ரத்தமும். நானும் இருக்கேன்" என்றேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் அத நெனச்சுக்கூடப் பாக்கல பாப்பா. யாரு என்ன பேசுவாங்கன்னே நெனச்சுட்டு இருந்துட்டேன். உங்கப்பனுக்கு நானே சொல்றேன். நீ சொல்லாத. எனக்குக் கொஞ்சம் டைம் குடு" என்றார். மூன்று மாதம் ஆனது. சொன்னார். நாத்தனாருக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவருக்கும் அத்தைக்கும் ரத்த சம்பந்தம் இல்லையே!

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. அத்தையின் முதல் பதில் அவருடைய கடைசிப் பதில் இல்லை. விளக்கிச் சொல்ல ஒருவர், யோசிக்கக் கொஞ்சம் நேரம், தன் வாயால் சொல்லும் உரிமை. இந்த மூன்றும் கிடைத்ததும் அவர் முடிவு மாறியது. ஆஸ்பத்திரியே அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அத்தை அடுத்த செக்கப்புக்கே போயிருக்க மாட்டார்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சம்மத ஃபாரம் தமிழில் இருக்கட்டும். ஆராய்ச்சிக்கு, கம்பெனிக்கு, இன்சூரன்ஸுக்கு, குடும்பத்துக்கு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். கம்பெனி கைமாறினால் திரும்பவும் வந்து கேட்கட்டும். மரபணுப் பரிசோதனை என்றால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே, 'முடிவை உங்கள் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும்' என்று உட்காரவைத்து ஒருவர் பேசட்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. ஒரு நாற்காலியும் அரைமணி நேரமும் போதும்.

சரி, அத்தை போட்ட நிபந்தனைகளுக்கு வருகிறேன்.

ஒன்று, பேர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் எழுதக்கூடாது. இரண்டு, நோய் என்ன என்று தாராளமாக எழுதலாம். "அத மறைச்சு மறைச்சுத்தான் எங்க சித்தி போய்ச் சேந்தா" என்றார். மூன்று, ரிசல்ட் என்ன வந்தது என்று எழுதக்கூடாது. "அது உங்கப்பனோடதும் உன்னோடதும்கூட. அவன கேக்காம எழுதாத." அப்பாவைக் கேட்டேன், வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை. நான் பரிசோதனை செய்துகொண்டேனா என்பதையும் எழுதப் போவதில்லை. நாலு, சின்னவளிடம் முதலில் படித்துக் காட்ட வேண்டும். படித்துவிட்டு ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

ஐந்தாவது நிபந்தனை, என்றைக்காவது வேண்டாம் என்று தோன்றினால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

சரி என்று சொல்லியிருக்கிறேன். எனவே ஒருநாள் நீங்கள் தேடி வந்து இந்தக் கட்டுரை இங்கே இல்லாவிட்டால், அத்தை மனதை மாற்றிக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.